காணக் கிடைக்காத படங்களும் அவற்றைக் காத்தவர்களும்



இலக்கணமும் வாசிப்பும் பற்றியே பெரும்பாலும் எழுதிவரும் நான், இன்று திரைப்படம் பற்றி எழுதப் புகுந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். திரைப்படம் மாணவர்களின் நேரத்தை விழுங்குகிறது என்று பெற்றோர் சந்திப்புகளில் பேசியவன்தான் நான். அவ்வாறு பேசிய காலத்தில் நான் திரைப்படத்தின் ஒரு பக்கத்தை மட்டுமே அறிந்திருந்தேன். மறுபக்கத்தை எனக்குக் காட்டியவர் ஆங் மோ கியோவில் எங்கள் புளோக்கிலேயே வாழ்ந்த ஒரு பெரியவர்.

அவர் துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய மூன்றறை வீட்டில் ஓர் அறை முழுவதும் ஒளிநாடாக்கள். பின்னர் வந்த விசிடி, டிவிடி வட்டுகளும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. முதன்முறை அவ்வறைக்குள் சென்றபோது, எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் அடுக்கடுக்காக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. ‘அக்கிரகாரத்தில் கழுதை’, ‘அவள் அப்படித்தான்’, ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ என்று தமிழ்ப் படங்கள் சில. மலையாளத்தில் அரவிந்தன், வங்காளத்தில் சத்யஜித் ரே, ரித்விக் கட்டக். அவற்றுக்கு அப்பால் நான் பெயர்கூடக் கேட்டிராத ஜப்பானிய, பிரெஞ்சு இயக்குநர்கள்.

“எம்.ஜி.ஆர். படம் ஒன்றும் இல்லையா ஐயா?” என்று கேட்டேன்.

“அதைத் தேக்காவில் எந்தக் கடையிலும் வாங்கலாம், சார். எல்லாரிடமும் இருப்பதை நான் எதற்குக் காக்க வேண்டும்?” என்றார்.

அன்று அவ்விடை எனக்குச் சற்றுச் செருக்காகவே பட்டது. பிறர் காணாததைத் தாம் கண்டிருக்கிறோம் என்ற பெருமிதமே இத்தகைய சேகரிப்பாளர்களை இயக்குகிறது என்று எண்ணிக்கொண்டேன். அப்பெருமிதம் அவரிடம் இல்லை என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால், ‘காக்க’ என்று அவர் சொன்ன சொல்லை அன்று நான் கவனிக்கவில்லை. அச்சொல்லின் பொருளைத் திரைப்பட வரலாறே எனக்குப் பின்னர்க் கற்பித்தது.

முதலில் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ படத்தையே எடுத்துக்கொள்வோம். கேரளத்தைச் சேர்ந்த ஜான் ஆபிரகாம், வெங்கட் சாமிநாதனின் எழுத்துத் துணையுடன் 1977இல் தமிழில் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம் அது. ஜான், புணேத் திரைப்படக் கல்லூரியில் கட்டக்கின் மாணவர். தாயை இழந்த ஒரு கழுதைக் குட்டியைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வளர்க்கிறார். நகரத்தின் ஏளனத்துக்கு அஞ்சி அதனைத் தம் சொந்த ஊரான அக்கிரகாரத்துக்குக் கொண்டு செல்கிறார். வாய் பேசாத ஒரு பெண் அதனைப் பேணுகிறாள். ஊரில் நிகழும் தீமைகளுக்கெல்லாம் கழுதையே காரணம் என்று கருதி அதனைக் கொல்லும் ஊரார், பின்னர் அதனையே வழிபடத் தொடங்குகின்றனர். பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன்.

இப்படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ஆயினும் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் ஏனைய படங்களைப் போல் ஓடும் பேறு அதற்கு வாய்க்கவில்லை. எதிர்ப்புகளும் எழுந்தன. திரைப்படச் சங்கங்களின் சிறு திரையிடல்களாலும், கைக்குக் கை மாறிப் படியெடுக்கப்பட்ட ஒளிநாடாக்களாலுமே அதன் பெயர் நிலைத்தது. 2013இல் ஓர் இந்தியத் தொலைக்காட்சி நிறுவனம் வெளியிட்ட நூறு சிறந்த இந்தியப் படங்களின் பட்டியலில் அது இடம்பெற்றது. இடைப்பட்ட முப்பத்தாறு ஆண்டுகளும் அதனைச் சந்தை காக்கவில்லை. விரும்பிய சிலரே காத்தனர்.

ஏன் இத்தகைய படங்கள் மட்டும் இவ்வளவு எளிதில் காணாமற் போகின்றன? காரணம் கடினமானது அன்று. பெரிய நடிகரின் படத்துக்குப் பல படிகள் எடுக்கப்பட்டு ஊர்தோறும் அனுப்பப்பட்டன. அவற்றுள் பல அழிந்தாலும் எங்கோ ஒன்று எஞ்சும். சிறிய கலைப்படத்துக்கோ சில படிகளே இருந்தன. அவை தேய்ந்தாலும் தொலைந்தாலும் புதிய படி எடுக்கப் பணம் தருவார் இல்லை. எனவே எஞ்சியுள்ள ஒவ்வொரு படியும் ஏட்டுச்சுவடிக்கு நிகராகிறது. சேகரிப்பாளரை ஈர்ப்பது இந்த அருமைதான். தாம் கைவிட்டால் இப்பொருள் உலகிலிருந்தே போய்விடக்கூடும் என்னும் எண்ணம் ஒருவரைப் பற்றிக்கொண்டால் எளிதில் விடாது.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இது புதிய செய்தி அன்று. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் அடுக்கிச் சொன்ன உ.வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். பெரும்புலவரிடம் பயின்ற ஐயரே அதுவரை அந்நூலைக் கண்டதில்லை. அக்காலத்தில் சிந்தாமணியும் சிலரே அறிந்த, சந்தையில் விலைபோகாத ஒன்றாகத்தான் இருந்தது. 1887இல் அது அச்சேறிய பின்னரே நமக்கெல்லாம் காப்பியமாயிற்று.

ஏட்டுக்குக் கறையானும் ஆடிப்பெருக்கும் பகையாயின. திரைப்படத்துக்கு அது உருவான பொருளே பகை. 1950களின் தொடக்கம் வரையில் படச்சுருள்கள் நைட்ரேட்டால் ஆனவை. எளிதில் தீப்பற்றும், பற்றினால் நீரூற்றியும் அணைக்க இயலாது. அதன்பின் வந்த அசிட்டேட் சுருள், வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்தால் காடி நாற்றம் வீசிச் சுருங்கிப்போகும். இவற்றோடு மனிதரின் பங்கும் சேர்ந்தது. சுருளில் படிந்துள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே பழைய படங்கள் விற்கப்பட்டன.

விளைவை எண்ணிப் பாருங்கள். ஆர். நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ இல்லை. அதே ஆண்டின் முதல் இந்தியப் பேசும்படம் ‘ஆலம் ஆரா’வும் இல்லை. மாறாக, 1933இல் எடுக்கப்பட்ட ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் மௌனப் படம் இன்றும் இருக்கிறது. காரணம் விந்தையானது. சி.வி. இராமன் பிள்ளையின் புதினத்தைத் தழுவிய அப்படத்தின் மீது, நூலின் உரிமையைப் பெற்றிருந்த பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. படம் தடைப்பட்டது. சுருள் பதிப்பகத்தின் வசம் கிடந்தது. 1974இல் இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் அதனை மீட்டது. ஓடிய படங்கள் தேய்ந்து அழிய, ஓடாமல் முடக்கப்பட்ட படம் பிழைத்தது!

பிற நாடுகளிலும் இதே கதைதான். டென்மார்க்கு இயக்குநர் டிரையர் 1928இல் எடுத்த ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’ படத்தின் மூலச்சுருள் அவ்வாண்டே தீயில் அழிந்தது. அவர் முதலில் தொகுத்த வடிவம் இனிக் கிடைக்காது என்றே உலகம் நம்பியிருந்தது. 1981இல், நார்வேயின் ஆஸ்லோ நகரை அடுத்த ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியிலிருந்து அதன் படி ஒன்று வெளிவந்தது. சத்யஜித் ரேயின் அப்பு வரிசைப் படங்கள் மூன்றின் மூலச்சுருள்களும் 1993இல் இலண்டனில் நேர்ந்த தீ விபத்தில் கருகின. கருகியவற்றில் எஞ்சிய பகுதிகளையும் வேறு இடங்களில் இருந்த படிகளையும் இணைத்துச் செப்பனிட்ட வடிவம் 2015இல்தான் திரைக்கு வந்தது.

நம் சிங்கப்பூரும் இதற்கு விலக்கன்று. 1950களில் ஜாலான் அம்பாஸில் ஷா நிறுவனத்தின் படப்பிடிப்பு நிலையமும், கிழக்குக் கடற்கரைப் பகுதியில் கேத்தே கெரிஸ் நிறுவனத்தின் நிலையமும் மலாய்ப் படங்களைத் தயாரித்தன. அவற்றின் இயக்குநர்களுள் எல். கிருஷ்ணன், பி.என். ராவ், எஸ். இராமநாதன், கே.எம். பாஸ்கர் போன்ற இந்தியர்கள் பலர் இருந்தனர் என்பதை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்? பி. ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கிய ‘பக்தி’ என்னும் மலாய்ப் படத்தை 1950இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன். பி.என். ராவ் இயக்கி 1957இல் வெளிவந்து மக்கள் திரண்டு பார்த்த ‘பொந்தியானாக்’ படம் இன்று கிடைக்கவில்லை. மக்கள் விரும்பிய படத்துக்கே இக்கதி என்றால், மக்கள் காணாத படத்தின் கதியைச் சொல்லவேண்டியதில்லை.

இங்கேதான் சேகரிப்பாளரின் பங்கு தொடங்குகிறது. பாரிஸ் நகரில் 1936இல் திரைப்படக் காப்பகம் நிறுவிய ஆன்றி லாங்லுவா, தொடக்கத்தில் படச்சுருள்களைத் தம் வீட்டுக் குளியல் தொட்டியில் அடுக்கி வைத்தவர். எது நல்ல படம், எது தீய படம் என்று தீர்ப்பளிக்க நாம் யார், அனைத்தையும் காப்போம் என்பது அவர் நிலை. காத்ததோடு நில்லாமல் அன்றாடம் திரையிட்டும் காட்டினார். அங்கு முன்வரிசையில் அமர்ந்து பார்த்த துருஃபோ, கோதார் முதலிய இளைஞர்களே பின்னர்ப் பிரெஞ்சுப் படவுலகின் போக்கை மாற்றினர். 1968இல் அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியபோது, இயக்குநர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கிப் போராடி அவரை மீண்டும் அமர்த்தினர்.

அதே காலத்தில் இலண்டனில் திரைப்படக் காப்பகத்தைப் பொறுப்பேற்று நடத்திய எர்னஸ்ட் லிண்ட்கிரென் நேர்மாறானவர். படியெடுக்காத அரிய சுருளைத் திரையிட்டால் அது தேயும், ஆகவே காப்பதே முதற்கடமை என்றார். இருவரில் யார் சரி? லாங்லுவாவிடம் ஒழுங்கான பாதுகாப்பு இன்மையால் அழிந்தவையும் உண்டு. லிண்ட்கிரெனின் கண்டிப்பால் பிழைத்தவையும் உண்டு. காக்காமல் காட்ட இயலாது. காட்டாமல் காப்பதிலும் பயன் முழுமையாவதில்லை. சேகரிப்பாளர் ஒவ்வொருவரின் மனத்திலும் இவ்விருவரும் வாதிட்டுக்கொண்டே இருக்கின்றனர் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தியாவில் இவ்விரு பண்பும் ஒருவரிடமே அமைந்தன. அவர் பி.கே. நாயர். 1933இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். சிறுவயதில் திரையரங்க நுழைவுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்த பையன், 1964இல் புணேயில் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தைக் கட்டியெழுப்பினார். பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’, ‘காளிய மர்த்தனம்’ ஆகியவற்றில் எஞ்சிய பகுதிகளை நாம் இன்று காண்பது அவரால்தான். ஓய்வு பெறுவதற்குள் ஏறத்தாழ 12,000 படங்களைச் சேர்த்தார் என்பர். அவரைப் பற்றிச் சிவேந்திர சிங் துங்கர்பூர் எடுத்த ‘செல்லுலாய்டு மேன்’ என்னும் ஆவணப்படம் 2012இல் வெளிவந்தது. 2016இல் நாயர் மறைந்தார்.

அவ்வாவணப்படத்தில் என் நெஞ்சைத் தொட்டது ஒரு சிற்றூர். கருநாடகத்தின் ஹெக்கோடு. அங்கு கே.வி. சுப்பண்ணாவின் நீநாசம் அமைப்பு, ஆவணக்காப்பகத்தின் துணையோடு ஊர் மக்களுக்கு உலகப் படங்களைத் திரையிட்டது. பாக்கும் நெல்லும் விளைவிக்கும் உழவர்கள் குரோசாவாவின் ‘ராஷோமோன்’ படத்தையும், தெ சீக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தையும் பார்த்தனர். பல்லாண்டுகளுக்குப் பின்னரும் அவற்றை நினைவுகூர்ந்து பேசினர். ‘இது நம் பிள்ளைகளுக்குப் புரியாது’ என்று ஒன்றை ஒதுக்குமுன் நாம் ஒருமுறை ஹெக்கோட்டை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலும் தனிமனிதர் சிலர் அரசு செய்யத் தவறியதைச் செய்தனர். காரைக்குடி அருகே கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, நூல்களோடு திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், துண்டு அறிக்கைகள் முதலியவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதுவே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வளர்ந்தது. பிலிம் நியூஸ் ஆனந்தன் தமிழ்ப் படங்களின் விவரங்களையும் நிழற்படங்களையும் வாழ்நாள் முழுதும் திரட்டினார். ஆயினும் படச்சுருள்களின் நிலை வேறு. ‘வீடு’ படத்துக்காகத் தேசிய விருது பெற்ற பாலு மகேந்திராவே, தம் படங்கள் சிலவற்றின் மூலச்சுருள்கள் அழிந்தன என்று வருந்தினார். தமிழ்ப் படங்களுக்கு ஓர் ஆவணக்காப்பகம் வேண்டும் என்று இறுதிவரை கேட்டுவந்தார். 2014இல் அவர் மறைந்தார்.

இனி, நம் ஆங் மோ கியோ பெரியவரிடம் திரும்புவோம்.

அவர் எதையும் இரவல் தரமாட்டார். “கொடுத்தால் திரும்பாது. நீங்கள் வந்து பாருங்கள், தேநீர் நான் தருகிறேன்” என்பார். நான் சென்று பார்த்தவை ஐந்தாறு இருக்கும். உயர்நிலை மாணவர்களை ஒரு சனிக்கிழமை அழைத்து வரும்படி பலமுறை கேட்டார். “தேர்வு முடியட்டும், ஐயா” என்றேன். ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு தேர்வு இருந்தது. நான் ஒரு சனிக்கிழமையும் அழைத்துச் செல்லவில்லை.

அவர் காலமானார். சில மாதங்களில் வீடு விற்பனைக்கு வந்தது. பணி முடிந்து திரும்பிய ஒரு மாலை, மின்தூக்கியருகே காராங்குனிக்காரரின் தள்ளுவண்டியில் அந்நாடாக்களைக் கண்டேன். அவருடைய மகன் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. அவை எவை என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். வண்டிக்காரரிடம் கேட்டுப் பத்து வெள்ளிக்கு ஒரு பெட்டியை மீட்டேன். எஞ்சியவை போயின.

வீட்டில் பெட்டியைத் திறந்தேன். நாடாக்களின் முதுகில் படத்தின் பெயர், படியெடுத்த நாள் ஆகியவற்றுக்குக் கீழே, ‘பார்த்தோர்’ என்று எழுதி எண் இட்டிருந்தார். பெரும்பாலானவற்றில் 1, அதாவது அவர் மட்டும். சிலவற்றில் 2. அந்த இரண்டாமவன் நான் என்பதை நாள்களை ஒப்பிட்டு அறிந்தேன். ‘அக்கிரகாரத்தில் கழுதை’ நாடாவில் 2 என்பதன் அருகே பென்சிலால் ஒரு கூட்டல் குறி இருந்தது. வரவிருந்த மாணவர்களுக்காகப் போட்டு வைத்ததோ என்னவோ.

செருக்கு என்று நான் எண்ணியது எவ்வளவு தவறு! தனக்கு மட்டும் வேண்டும் என்று சேர்ப்பவர் பார்த்தவர்களை எண்ணிக்கொண்டிருக்கமாட்டார்.

நம் ஊரின் ஈரத்தில் நாடாக்களில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஒளிநாடாக் கருவிகளைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழுதுபார்த்த ஒரு பழைய கருவியைத் தேடிப்பிடித்து ஓட்டியபோது, கழுதைப் படத்தில் நாற்பது நிமிடங்களே தெளிவாகத் தெரிந்தன.

நல்ல செய்திகளும் உண்டு. சிங்கப்பூரில் 2005இல் தொடங்கப்பட்ட ஆசியத் திரைப்படக் காப்பகம், ஆசிய நாடுகளின் படங்களைக் காத்தும் செப்பனிட்டும் திரையிட்டும் வருகிறது. அங்கு பேணப்படும் கேத்தே கெரிஸ் மலாய்ப் படங்கள் 91, யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் 2014இல் சேர்க்கப்பட்டன. ஆனால், தனியார் முயற்சிகளின் ஆயுள் நிச்சயமற்றது. 2014இல் பழைய கோல்டன் திரையரங்கில் தொடங்கிக் கலைப்படங்களைத் திரையிட்ட ‘புரொஜெக்டர்’ 2025இல் மூடப்பட்டது.

தமிழில் நமக்கென்றும் சில படங்கள் உள்ளன. எரிக் கூ இயக்கிய ‘மை மேஜிக்’, கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டியில் 2008இல் இடம்பெற்றது. அப்பிரிவில் போட்டியிட்ட முதல் சிங்கப்பூர்ப் படம் அது; அதில் பேசப்படுவது பெரும்பாலும் தமிழ். கே. ராஜகோபால் இயக்கிய ‘எ யெல்லோ பேர்ட்’ 2016இல் அதே விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. என் உயர்நிலை மூன்று வகுப்பில் இவ்விரு படங்களின் பெயரைக் கேட்டேன். ஒருவர்கூட அறிந்திருக்கவில்லை. நம் ஊரில் நம் மொழியில் உருவான படமும், காட்டுவார் இல்லையேல், ஒரு தலைமுறைக்குள் அரிய படமாகிவிடும்.

ஆகவே, மூன்று வேண்டுகோள்கள். பெற்றோர்களே, தாத்தா பாட்டியின் பெட்டிகளை அப்புறப்படுத்துமுன் அவற்றில் உள்ளவற்றின் பெயர்களையேனும் எழுதி வையுங்கள். ஐயம் இருப்பின் நூலகத்தையோ காப்பகத்தையோ கேளுங்கள். ஆசிரியர்களே, ஆண்டுக்கு ஒரு படம், மாணவர்களின் அகவைக்கு ஏற்றதாய்த் தேர்ந்து, முழுமையாய்த் திரையிட்டு அதைப் பற்றித் தமிழில் பேச வையுங்கள். அதைவிடச் சிறந்த வாய்மொழிப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை. சேகரிப்பாளர்களே, இரவல் தர வேண்டாம். ஆனால் உங்கள் கதவு திறந்திருக்கட்டும்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை என் வீட்டிலேயே ஆறு மாணவர்கள் கூடுகிறோம். தேர்வுக்கு முன்புதான், பெற்றோர்கள் இசைந்துவிட்டனர். அந்த நாற்பது நிமிடங்களை அவர்களுக்குக் காட்டப்போகிறேன். முடிந்ததும் அந்நாடாவின் முதுகில் 2 என்பதை அடித்து 8 என்று எழுதவேண்டும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்